இருநூற்றுப் பதினேழு

எங்கள் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தத் தலைமுறையில் எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். "அவிய" என்பார்கள், "எங்க வீட்டுக்காரவிய" என்பார்கள், மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவன் அப்பா என்பார்கள். எங்கள் அம்மா கார் நம்பரைச் சொல்வாள்.

"எரநூத்திப் பதினேழு வந்தாச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வாசலில் கறுப்புக் கார் நின்றால், "வந்தாச்சும்மா" என்று நானோ அண்ணனோ பதில் கொடுப்போம். உடனே தோசைக்கல் அடுப்பில் ஏறும்.

இந்தப் பழக்கம் அம்மாவாகக் கண்டுபிடித்தது இல்லை, ஊர் கொடுத்தது. அப்பா பருத்தித் தரகு செய்தார். மலையில் எஸ்டேட் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். அப்போது ராஜபாளையத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆளைவிட நம்பர்தான் முதலில் கண்ணில் படும். கூமாப்பட்டியிலும் சுந்தரபாண்டியத்திலும் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் தூரத்தில் தூசியைப் பார்த்ததுமே, "எரநூத்திப் பதினேழு வருதுலே, பருத்திய வெளிய எடுங்க" என்பார்களாம். பெயரைச் சொல்லக்கூடாத ஒருத்திக்கு ஊரே சேர்ந்து ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எரநூத்திப் பதினேழுக்குக் காய்ச்சல்", "எரநூத்திப் பதினேழுக்கு இந்தக் கத்தரிக்காய் ஆகாது" என்பாள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் அதே நம்பரைத் தெலுங்கில் சொல்லித்தான் அப்பாவை விசாரிப்பாள். ஒருமுறை ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டதற்கு அம்மா நம்பரைச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் பாவம், அந்த நம்பரில் கார்டு இருக்கிறதா என்று கட்டுக்கட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறோம்.

காரில் அம்மாவுக்கு என்று ஒரு வேலை இருந்தது. பானெட்டைத் தூக்கினால் இன்ஜினுக்குப் பின்னால் நிற்கிற தகரச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. ஆயுத பூஜைக்கு டிரைவர் காரைக் கழுவுவார், அப்பா மேற்பார்வை பார்ப்பார். பித்தளை என்றால் அது பெண்கள் விஷயம். அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அந்தத் தகட்டுக்கும் புளியும் சாம்பலும் கொண்டுவந்துவிடுவாள். தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. வீட்டுக்குள் பித்தளை கறுத்துக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவமானம். கார் எங்களுக்கு வீட்டில் ஒரு அறை மாதிரிதான்.

அப்பா சுந்தரபாண்டியத்தில் ஒரு களத்துமேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். மத்தியானம் ஹாரன் சத்தம் கேட்டு அம்மா வழக்கம்போல், "எரநூத்திப் பதினேழு வந்தாச்சா?" என்று கேட்டாள். நான் வாசலுக்குப் போனேன். கார் வந்திருந்தது. பின் சீட்டில் அப்பாவைப் படுக்கவைத்திருந்தார்கள். "வந்தாச்சும்மா" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அதன்பிறகு கார் பருத்திக் குடோன் பக்கத்து ஷெட்டுக்குள் போனது. விற்கச் சொல்லி உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு இனிமேல் பூ இல்லை, பொட்டு இல்லை, நல்ல காரியத்தில் முன்னால் நிற்க இடமில்லை. கோயிலில் கொடுத்த குங்குமத்தைக்கூட மடித்து எனக்குக் கொண்டுவருவாள். எனக்கு இந்தச் சாத்திரங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தை அம்மாவிடமே காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். பானெட்டைத் தூக்கி ஒரு கம்பை முட்டுக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் புளி, சாம்பல், நார், சின்னக் கிண்ணத்தில் சந்தனம். தகட்டைத் தேய்த்து முடித்து, மோதிர விரலால் குங்குமம் எடுத்து வட்டமாக வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு ஒரு முறை செய்ததை வாரத்துக்கு ஒரு முறை ஆக்கியிருந்தாள். அவள் குங்குமம் வைக்க உலகத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். எண்பதுகளின் நடுவில் பென்ஷனோடு வந்து சேர்ந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வான். அதற்குள் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போனால் அண்ணனின் இரண்டு கால்கள்தான் காருக்கு அடியிலிருந்து தெரியும்.

"அண்ணே, அதுல இருந்து ஒனக்குப் பொண்ணா பொறக்கப் போகுது?"

"ஏட்டி, போ. இந்தா, அந்த ஸ்பேனரை எடு."

காரின் நிலைமை மோசமாக இருந்தது. ஷெட்டின் கூரை ஓட்டை வழியாகப் பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் அதன் முன்பக்கத்தில் வடிந்திருந்தது. இன்ஜின் பிளாக்கில் விரிசல். அதே கம்பெனி இன்ஜின் ஒன்றைக் கோயம்புத்தூரில் தேடிப் பிடித்து மாட்டினான். காரின் எலும்பு மாதிரி அடியில் ஓடும் இரும்புச் சட்டம் முன்னால் ஒரு முழத்துக்கு அரித்துப்போய், விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தளவாய்புரத்திலிருந்து ஒரு டிங்கரைக் கூட்டிவந்து, அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் அடித்தார்கள். வெட்டிய துண்டு மற்ற ஓட்டை உடைசலோடு காயலான் கடைக்குப் போனது.

பெயிண்ட் அடிக்கிற நாளில் அம்மா வந்து நின்றாள். "தகட்டுச் சந்தனத்துல மட்டும் கைய வச்சிராதீக" என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே தகட்டின் மேல் பேப்பர் ஒட்டிச் சுற்றிலும் பெயிண்ட் அடித்தான். சந்தனம் அப்படியே இருந்தது.

அவளுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. "என்ன வேணாலும் மாத்து. நம்பர மட்டும் மாத்திராதலே."

"நம்பர் எப்படிம்மா மாறும்? நம்பர் இல்லன்னா இது வெறும் தகரம்ல."

கார் தயாரான சமயம் பார்த்துப் புதுச் சட்டம் வந்திருந்தது. பழைய வண்டிகளைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். எங்கள் ஆர்.சி. புக் இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. அதை அண்ணன் பெயருக்கு மாற்ற அம்மா வந்து கையெழுத்துப் போடவேண்டும். ஆக, அப்பா போனபிறகு அம்மா முதன்முறையாக அந்தக் காரில் ஏறுவது மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போவதற்காக என்று ஆயிற்று.

நான் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். அம்மா குளித்து, வெள்ளைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு சாம்பல் கலர்ச் சேலையில் தயாராக இருந்தாள். அன்று காலையே தகட்டுக்குப் புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாளாம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். பின் சீட்டில் இடது பக்கம், அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டீக்கடை வாசலில் பல்லில்லாத ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "எலே, எரநூத்திப் பதினேழுலே!" என்று கத்தினார். அம்மா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாம் நல்லபடியா முடியட்டும், தாயே" என்றாள்.

அலுவலகத்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினோம். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊர் சொல்லும் அந்த அதிகாரி வெளியூர்க்காரர், தன்மையான மனிதர். காரை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "புது வண்டில கூட இந்த பிரேக் கிடையாது சார்" என்றார். அண்ணனுக்கு ராணுவத்தில் மெடல் வாங்கியபோதுகூட முகம் அப்படி மலர்ந்திருக்காது.

"இன்ஜின் மாத்தியிருக்கீங்க. பில் இருக்குல்ல? பரவால்ல, அதுக்கு வழி இருக்கு. சேஸ் நம்பர் மட்டும் காட்டுங்க. பென்சில் பிரின்ட் எடுத்துக்கிறேன்" என்றார். நம்பர் பொறித்திருக்கும் இடத்தில் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து பேப்பரில் பதிந்துவிடும். குழந்தைகள் காசை வைத்துத் தேய்ப்பார்களே, அதேதான். பதிவு நம்பர் வேறு, இது வண்டியைச் செய்த கம்பெனியே பொறித்தது, வண்டியின் கைரேகை. அந்த நம்பரும் ஆர்.சி. புக்கில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போனால்தான் இந்த வண்டி இன்ன வண்டி என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும்.

அண்ணன் பானெட்டைத் தூக்கினான். தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. இன்ஸ்பெக்டர் பேப்பரும் பென்சிலுமாக நின்றார். "இதைக் கொஞ்சம் தொடைக்கணுமே."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். "நீ இரு, நான் தொடைக்கேன்" என்று அவள் முன்னால் வந்தாள். கூஜாத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் பதமாகத் துடைத்தாள். தகடு வெயிலில் தகதக என்று மின்னியது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். அவர் முகம் அதில் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி தெரிந்தது, வேப்பமரம் தெரிந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை.

"இதுல நம்பர் எங்க?"

அண்ணன் அவரை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தான். நகத்தால் தடவிப் பார்த்தான். அம்மாதான் பேசினாள்.

"முந்தி என்னமோ கோடு கோடாக் கிறுக்கியிருந்துச்சு, சார். அம்புட்டும் கறுப்பு. சனியன் போவேனாங்கும். நான் விடலயே! வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேய்ச்சு இப்பப் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு."

பாராட்டை எதிர்பார்த்து அவரைப் பார்த்தாள். அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இந்த இடத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டார். "அடிச் சட்டத்துல பஞ்ச் பண்ணியிருப்பான் சார். முன்பக்கம், வலது கைப் பக்கம். அது இருந்தாப் போதும்."

முன்பக்கம், வலது கைப் பக்கம். அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தகட்டில் நம்பர் இருக்கிறது என்ற நம்பிக்கையில், அரித்துப்போய் வெட்டி எறிந்த சட்டத்துண்டை அவன் திருப்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. தகட்டை ஏன் பார்க்கவில்லை என்றால், அம்மா வைத்த சந்தனத்தைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. இதை அவன் எந்த அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுக்க முடியும்?

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஊருக்கே தெரியும் சார் இது எங்கப்பா வண்டின்னு. வேணும்னா நூறு பேரக் கூட்டிட்டு வாரேன். சொல்லச் சொல்லுதேன்" என்று குரலை உயர்த்தினேன்.

"ஊருக்குத் தெரியும்மா. எனக்குமே தெரியுது. ஆனா தெரிஞ்சத எழுதுறதுக்கு இதுல எடம் இல்ல, நம்பரத்தான் எழுதணும். புக்குல நம்பர் இருக்கு, வண்டில இல்லையே. இன்னிக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எவனாவது திருட்டு வண்டியத் தேச்சுக் கொண்டுவந்து நிறுத்துவான். அவனுக்கும் நான் கையெழுத்துப் போடணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மேலிடத்துக்கு மனுப் போட்டால் வண்டியைச் சோதித்துவிட்டு, புதிதாக ஒரு சேஸ் நம்பரை அவர்களே அடித்துக் கொடுப்பார்கள் என்றார். அப்போது பதிவு நம்பரும் புதிதாகத்தான் வரும். பழையது ரத்து.

"எரநூத்திப் பதினேழு?" என்றாள் அம்மா.

"அது போயிரும்மா" என்றார் அவர்.

திரும்பி வருகிற வழியில் அந்தப் பல்லில்லாத பெரியவர் மறுபடியும் எழுந்து கையைத் தூக்கினார். நாங்கள் யாரும் தூக்கவில்லை. ராஜபாளையத்துக்குள் நுழையும்போது மில் சங்கு ஊதியது. அது ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள்.

"நான் தேய்ச்சதுனாலயாலே?"

"சே, இல்லம்மா. துருப்புடிச்சுப் போச்சு" என்றான் அண்ணன்.

அவள் முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். "பித்தளைக்கு ஏதுலே துரு?"



அண்ணன் மறுநாளே காயலான் கடைக்கு ஓடினான். அங்கே இருந்தது எல்லாம் எப்போதோ உருக்கப் போய்விட்டது. அவன் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, துருப்பிடித்த ஒரு முழ இரும்பை யார் தேடி வருவார்கள்? அப்புறம் டிங்கர் ஒரு யோசனை சொன்னார். நம்பர்தான் ஆர்.சி. புக்கில் இருக்கிறதே, அதைப் பார்த்துப் புது இரும்பில் பஞ்ச் வைத்து அடித்துவிட்டு, மேலே கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பழசாக்கிவிட்டால் வேறு ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டிவிடலாம். ஊரில் செய்யாததா?

"அடிச்சிரு அண்ணே" என்று நானும் சொன்னேன். "நாம யாரு வண்டியத் திருடினோம்? நம்ம நம்பர நாம அடிக்கோம்."

அவன் இரண்டு வாரம் இழுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பஞ்ச் பெட்டி ஷெட்டில் திறந்து கிடந்தது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை சின்னச் சின்ன இரும்புக் குச்சிகள். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா காப்பியோடு வந்தாள்.

"என்னலே பண்ணுத?"

அண்ணனுக்கு அவளிடம் பொய் வராது. வந்த ஒரு பொய்யையும் அவள் பித்தளை என்று சொல்லி உடைத்துவிட்டாள். "அழிஞ்ச நம்பர அடிக்கப் போறேன்மா. அடிச்சா எரநூத்திப் பதினேழு நமக்கே இருக்கும்."

அம்மா காப்பியைக் கீழே வைத்தாள். அந்த இரும்புக் குச்சிகளில் ஒன்றை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. எனக்கு அவள் முகம் தெரிந்தது.

"அடிச்சா அது அவிய நம்பரா இருக்காதுலே. நீ அடிச்ச நம்பரா இருக்கும். நான் கூப்பிடயில அவியளுக்குக் கேக்காது."

குச்சியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் பெட்டியை மூடினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்துப்போனவருக்குக் கேட்கிற நம்பர், கேட்காத நம்பர் என்று என்ன பேச்சு இது? கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள், நாங்களும் இருந்திருப்போம். இதை இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அவள் சொன்னது சரிதான் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

மனுப் போட்டு, அலைந்து, கடைசியில் வண்டிக்குப் புதுச் சேஸ் நம்பர் அடித்துக் கொடுத்தார்கள். பதிவு நம்பரும் வந்தது. புது எழுத்து, நீளமான நம்பர், எனக்கு இன்றைக்குவரை மனப்பாடம் ஆகவில்லை. பழைய புக்கில் இருநூற்றுப் பதினேழின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். போர்டு எழுதுகிறவர் வந்து வெள்ளைப் பெயிண்டைக் கலக்கியபோது அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குப் போவதும் நின்றுவிட்டது. அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணனே தகட்டுக்குச் சந்தனம் வைத்தான். ஆம்பளை வைத்த சந்தனம், திட்டுத்திட்டாக இருந்தது. "வந்து பாரும்மா" என்று கூப்பிட்டான். "எனக்குக் கை வலிக்கி" என்றாள். தேய்ப்பார் இல்லாமல் தகடு கறுக்க ஆரம்பித்தது. இனி அழிய அதில் ஒன்றும் இல்லை, தேய்த்திருக்கலாம். யார் சொல்வது?

ஆனால் எங்களை அதிகமாக உறுத்தியது வேறு. அப்பாவைப் பற்றி அவள் பேசுவதே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் எந்தக் கதையிலும் "எரநூத்திப் பதினேழு இருக்கையில" என்று ஒரு தடவையாவது வரும். இப்போது அந்த இடம் வந்ததும் நாக்கு தடுக்கி நிற்கும். கையை மட்டும் காற்றில் ஒரு திருப்புத் திருப்புவாள். அப்புறம் எதையோ தேடுகிற மாதிரி எழுந்து போய்விடுவாள். அப்பா செத்தபோது அவளிடமிருந்து பொட்டைத்தான் எடுத்தார்கள். நம்பர் போனபோது கூப்பிடுகிற வார்த்தையே போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வாரம் தவறாமல் போன நான், சாக்குச் சொல்லி மாதம் ஒருமுறை போகத் தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. நான் அன்று அங்கேதான் இருந்தேன். உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோங்கள், தாமதிக்கவேண்டாம் என்றார். எங்களுக்குத் தெரிந்த வாடகைக் கார்க்காரர்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஷெட்டைத் திறந்தான். அவளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்து, தலையை என் மடியில் எடுத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டும்வரை கண்ணை மூடியே இருந்தாள். அப்புறம் கையை நீட்டி முன் சீட்டின் தோலைத் தடவினாள். "ஏட்டி, யாரு வண்டி இது?"

"நம்ம வண்டிதாம்மா. எரநூத்திப் பதினேழு" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினாள், இல்லை என்று. "அதத்தான் நான் அழிச்சுப்புட்டேனே" என்றாள். குரலில் அழுகை இல்லை, தொலைந்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அப்படியெல்லாம் சொல்லாதே என்று நான்தான் அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. அவளுக்குக் கும்பிடக் கை எழவில்லை. நான் அவள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அதற்குள் தலை நரைத்து, அப்பா செத்தபோது இருந்த வயதை எட்டியிருந்தான்.

அப்போதுதான் அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

முதலில் எனக்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்றே பிடிபடவில்லை. மரியாதை விகுதி இல்லை, இழுப்பு இல்லை. கூட விளையாடியவனைத் தெருவில் கூப்பிடுகிற மாதிரி முழுப் பெயரையும் கணீரென்று சொன்னாள். இத்தனை வருஷம் அந்த வாய்க்குள் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. வேறு பெயர் இருந்தவரை அதற்கு வெளியே வர வேலை இல்லை.

கார் லேசாக ஒருபக்கம் சாய்ந்து மறுபடி நேரானது. அண்ணன் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"வந்தாச்சும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மதுரை போய்ச் சேரும்வரை அவன் அதை இரண்டு மூன்று தடவை சொன்னான். வழியில் கல்லுப்பட்டியைத் தாண்டியபிறகு அதைக் கேட்க அவள் இல்லை. நான் அவனிடம் சொல்லவில்லை.